மஞ்சள் வைத்த விண்ணப்பம்

டிசம்பர் 6, 2004. திங்கள்
பனி. எதிர்மாடி தெரியவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மகள் செல்வி எழுதுகிறாள்.

காலையில் நோட்டீஸ். டெல்லி முனிர்காவில் அவள் நடத்தும் இன்டர்நெட் கடைக்கு. மொட்டை மாடி ஆண்டெனா வழியாகப் பின்சந்து அறைகளுக்கு ஒயர் இல்லாமல் இன்டர்நெட் போகிறது. பதினோரு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதற்கு லைசென்ஸ் எங்கே என்று கேள்வி. வெள்ளிக்கிழமை சோதனை. இல்லையென்றால் இன்டர்நெட் அனுப்பும் பெட்டி, ஆண்டெனா பறிமுதல்.

"சுத்தி எட்டு மாடியில ஆண்டெனா நிக்குது. நமக்கு மட்டும் ஏம்ப்பா?"

நாளைக்கு என் பழைய ஆபீஸில் கேட்டு வருகிறேன் என்றேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்க: அப்பளம், புளி. முழங்காலுக்குத் தைலம்.

டிச. 7. செவ்வாய்
பழைய ஆபீஸ். ஒயர்லெஸ் லைசென்ஸ் தரும் இடம். முப்பத்திரண்டு வருடம் அங்கே ஃபைல் சுமந்த பியூன் நான். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, எந்த ஃபைலில் யார் சிந்திய டீக்கறை என்று இன்றும் சொல்வேன்.

எட்டு மாதம் முன்பு கொடுத்த நம் விண்ணப்பம் எங்கே? அலமாரி மேல், வெள்ளை நாடா போட்ட கட்டுக்குள். நாலு மூலையிலும் மஞ்சள். தடவியது நான். செல்விக்கு இப்போதுதான் தெரியும். முறைக்கிறாள். எழுதும்மா.

கிளார்க் மிஸ்ரா என் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன்; என்னை 'பையா' என்பான், இந்தியில் அண்ணன். "அரே மாரி பையா, இந்த அலைவரிசையை லைசென்ஸ் இல்லாம எல்லாருக்கும் திறந்துவிடலாமான்னு மேலே யோசிக்கறாங்க. அதுவரைக்கும் யாருக்கும் கையெழுத்து கிடையாது."

"அப்ப நோட்டீஸ்?"

"அட்ரஸ் கொடுத்தது நீங்கதானே? அந்தத் தெருவுல விண்ணப்பம் போட்ட ஒரே ஆள் உங்க பொண்ணு. போடாதவன் வீட்டுக்கு யாருக்கு வழி தெரியும்?"

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றே வந்தேன்.

டிச. 8. புதன்
விண்ணப்பம் போடு, போடு என்று அரித்தது நான்தான். யாருமே போடலையேப்பா என்றாள் அன்றைக்கே. சர்க்கார் சோறு தின்ற வீடு, காகிதம் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்று அடக்கினேன்.

மிஸ்ரா போன். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, ஆண்டெனாவைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளு, சனிக்கிழமை மறுபடி மாட்டு என்கிறான்.

"ஜல்தி வாபஸ் வாங்கிடுவோம்ப்பா. பெட்டி போனா கடையே போச்சு."

வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் உண்டு. அதை எடுத்துவிடச் சொல்லி வந்த மனுக்களில் ஒரு கட்டு என் தோளில்தான் மேல்மாடிக்குப் போனது. அதிகாரி பிரிக்கவில்லை. கட்டின் தடிமனைப் பார்த்தார். "இத்தனை பேரா?" பிறகு அந்த லைசென்ஸே ஒழிந்தது.

இதைச் செல்வியிடம் சொன்னேன். கடை உன்னுடையது, முடிவும் உன்னுடையது என்றேன்.

டிச. 9. வியாழன்
குளிர். வாபஸ் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறாள். கிளம்பவில்லை. பின்சந்து மேரி வந்தாள், வேலை தேடும் பெண்.

"அக்கா, நாளைக்குத்தான் ஃபார்ம் அனுப்பக் கடைசி நாள். நெட் இருக்கும்ல?"

"இருக்கும். காலையிலேயே அனுப்பிடு."

ஆண்டெனா மாடியிலேயே நிற்கிறது.

டிச. 10. வெள்ளி
பதினோரு மணிக்கு வந்தார்கள். இன்ஸ்பெக்டர் கையில் சிக்னல் பிடிக்கும் மீட்டர். நாலு பக்கமும் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் துடித்தது.

"உங்களோடது மட்டும் இல்லையே. வேற யார் வெச்சிருக்காங்க? சொன்னா உங்க கேஸைக் கொஞ்சம் மெதுவாப் பாக்கலாம்."

எட்டு மாடி. எந்தக் கம்பம் என்றைக்கு நட்டது, ஆணி அடித்தது யார், எல்லாம் தெரியும். செல்வி என்னையே பார்த்தாள்.

"கைநாட்டு சார் நான். வீட்டு நம்பர்கூடப் படிக்கத் தெரியாது."

பெட்டி, ஆண்டெனா, ஒயர், எல்லாம் ஜீப்பில். பறிமுதல் தாளில் அவள் கையெழுத்து, சாட்சியாக என் கட்டைவிரல். மேரியின் ஃபார்ம் ஒன்பது மணிக்கே போய்விட்டதாம்.

சாயங்காலம் எதிர்மாடி குல்தீப் வந்தான். அவன் கம்பத்துக்குக் கீழேதான் ஜீப் நின்றது.

"தங்கச்சி, எனக்கும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடு."

"எழுதினா உங்க வீட்டுக்கும் வருவாங்க."

"வரட்டும். எல்லா மாடியும் ஏறட்டும், முழங்கால் தேயட்டும்."

செல்வி வாபஸ் கடிதத்தைக் கிழித்தாள். குல்தீப்புக்கு எழுதி முடிப்பதற்குள் வாசலில் இன்னும் இரண்டு பேர்.

வாங்க: வெள்ளைத் தாள், மஞ்சள்.