கிராம்பு போடாத கேக்

அக்கா,

இன்று காலை தானா ராத்தா டவுனில் மளிகைக் கடைக்காரர் கிராம்புப் புட்டியைத் திறந்தார். எனக்காக இல்லை, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணுக்காக. அந்த வாடை மூக்கில் ஏறியதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கேக்குக்கு மாவும் வெண்ணெயும் வாங்கப் போனவள் ஒன்றும் வாங்காமல் பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டு நின்றேன். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி ஒன்று என் புடவை முழுக்கச் சேறடித்துவிட்டுப் போனது. வழக்கமாக இருந்தால் அந்த லோரிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். இன்றைக்கு வாயே வரவில்லை.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

டிசம்பர் பிறந்தாலே எனக்குச் சாமி வந்துவிடும் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். உண்மைதான். மழை நிற்காது. துவைத்த திரைச்சீலை நான்கு நாள் கொடியில் கிடந்து பூசணம் பிடிக்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் காயாமல் வருகிறவன் போகிறவன் சட்டையில் எல்லாம் ஒட்டும். இதற்கெல்லாம் நான் கத்துகிற கத்தல் தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த உங்களுக்குக் கேட்காமல் இருக்குமா?

என் மூத்தவள் மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்த வருஷம் எல்லாமே கோணலாகப் போனது. மூங்கில் குச்சியில் சிவப்புத் தாள் ஒட்டி நான் கட்டிய நட்சத்திரம் ஒரே மழையில் கரைந்து, வெள்ளைச் சுவரில் சாயம் வழிந்து, வாசலில் ஆடு வெட்டிய மாதிரி ஆகிவிட்டது. தையல்காரர் என் ரவிக்கையை வேறு யாருடைய அளவுக்கோ தைத்துவிட்டார். கீதம் பாட வருகிறவர்கள் சனிக்கிழமை என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமையே வந்து நின்றார்கள். வீட்டில் ஒரு பிஸ்கட்கூட இல்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள்தான் உங்கள் வீட்டு முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தீர்கள்.

"ஏசு பொறந்தது மாட்டுத் தொழுவத்துலதான புள்ள? அந்தம்மா கர்ட்டனுக்கா அழுதுச்சு? எந்திரி, வந்தவங்களுக்கு முறுக்கக் குடு" என்றீர்கள்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

கேக் விஷயம் அதற்கு மேல். லயத்தில் யார் வீட்டில் கேக் அடுப்பு இருந்தது? மாவைக் கலந்து தட்டில் ஊற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தானா ராத்தா ரொட்டிக் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரச் சீனர் எனக்குப் புதன்கிழமை காலை என்று நாள் கொடுத்திருந்தார். தவறினால் பண்டிகை முடிந்துதான் என்று விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை டின்னைத் திறந்து பார்த்தால் கிராம்பு, பட்டை, காயவைத்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஈரம் கோத்து நமுத்துப்போய் இருந்தன. வாணலியில் போட்டு வறுத்தேன். ஈர விறகு முதலில் எரியாமல் புகைந்தது, பிறகு திடீரென்று குப்பென்று பிடித்து, பாதிக் கிராம்பைக் கருக்கிவிட்டது. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இடுப்பில் குழந்தை கத்துகிறது, கூரை ஒழுகுகிறது, யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், அப்போது பேக்டரியில் தேயிலை உலர்த்தும் எந்திரத்தில் இருந்தார். அந்த எந்திரத்துக்குச் சூடு கொடுக்கும் பெரிய அடுப்பின் பின்சுவரில் ஒரு கம்பி கட்டியிருக்கும். மழைக்காலத்தில் பேக்டரிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஈரத் துணியை அதில் போட்டுக் காயவைத்துக்கொள்வார்கள். தோட்டத்தை நடத்துகிற துரைக்கும் தெரியும், கண்டும் காணாமல் விட்டுவிடுவார். ஆனால் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாடை அடிக்கிற எதுவும் உள்ளே போகக் கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் பட்ட கையோடு போனால்கூட அண்ணன் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

தெரிந்துதான் செய்தேன். கிராம்பையும் பட்டையையும் தோலையும் ஒரு துண்டில் முடிந்து, அதன் மேல் குழந்தையின் ஈரத் துணிகளைச் சுற்றி, மூட்டையாகக் கட்டி உங்களிடம் கொடுத்தேன்.

"புள்ளத் துணிதான புள்ள?" என்று கேட்டீர்கள்.

"ஆமாக்கா, மாத்திக் கட்டக்கூட ஒண்ணு இல்ல" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! சுண்ணாம்பு, நட்சத்திரம், ரவிக்கை என்று ஒரு மாதம் பட்ட எரிச்சலில், இந்த ஒன்றாவது ஒழுங்காக நடந்தால் போதும் என்று இருந்தேன்.

அண்ணனிடம் நீங்கள் என்ன சொல்லிக் கொடுத்தீர்களோ, அவர் அதைக் கம்பியில்கூடப் போடவில்லை. பச்சைப்பிள்ளைத் துணி சீக்கிரம் காயட்டும் என்று, சூட்டுக் காற்றை உள்ளே இழுக்கும் காற்றாடிக்குப் பக்கத்து ஆணியில் மூட்டையாகவே மாட்டிவிட்டார். நல்ல மனசால் செய்தது. மறுநாள் டீ மேக்கர் ருசி பார்க்க முதல் கோப்பையை வாயில் வைத்தார், உடனே துப்பினார். அன்று உலர்த்திய தேயிலை முழுவதும் கிராம்பு மணத்தது.

ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி மூட்டையை எடுத்துக்கொண்டு லயத்துக்கே வந்தார். பெண்கள் எல்லாரும் குழாயடியில் நின்றோம். நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் முடிச்சை அவிழ்த்து எல்லாருக்கும் காட்டினார்.

"யாரு வீட்டு வேலை இது?"

நீங்கள் அந்தத் துணியைப் பார்த்தீர்கள். என் பிள்ளைக்கு நீங்கள் தைத்துக் கொடுத்த மஞ்சள் பூப் போட்ட துணி. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"எங்க வீட்டுதுதான் கிராணியாரே. கைமருந்து இடிக்கலாம்னு நாந்தான் புள்ளத் துணிக்குள்ள வச்சு முடிஞ்சு குடுத்தேன். அவருக்குத் தெரியாது" என்றீர்கள்.

என் வாளி நிறைந்து வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

பிறகு என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன் வீட்டுக்காரரு பேரு இன்னும் செக்ரோல்ல ஏறல, வேல நெலைக்கல. இப்ப இது ஒன் வேலைன்னு தெரிஞ்சா அவர நிப்பாட்டிருவாங்க, வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. கைப்புள்ளய வச்சிக்கிட்டு எங்க போவ? எங்களுக்கு வேல இடம்தான் மாறும். அவருக்கு வேல நெலச்சதும் நீயே போயி சொல்லிரு. அது வரைக்கும் அண்ணனுக்கும் தெரிய வேணாம், அவரு வாயில ஒண்ணும் நிக்காதுலா."

நான் தலையை ஆட்டினேன். சத்தியமாகச் சொல்லிவிடுவேன் அக்கா என்றேன்.

அண்ணனை எந்திரத்திலிருந்து எடுத்து மலையில் மருந்தடிக்கப் போட்டார்கள். அந்தச் சூடான அறையில் பத்து வருஷம் நின்றவர், முதுகில் மருந்துத் தொட்டியோடு மழையில் மலை ஏறினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கிராம்பு போடாத கேக்கைத் தட்டில் வைத்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் வாங்கிக்கொண்டு, நாம் எப்போதும் செய்கிற மாதிரி, வெறும் தட்டாகத் தராமல் ஒரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பித் தந்தீர்கள்.

மாசி மாதம் என் வீட்டுக்காரர் பேர் செக்ரோலில் ஏறியது. பாயசம் செய்து எடுத்துக்கொண்டு வந்தேன். "சந்தோசம் புள்ள" என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று நீங்கள் காத்திருந்தது எனக்குத் தெரியும். நான் குனிந்து பாயசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். "காப்பி குடிச்சிட்டுப் போ" என்று உள்ளே போனீர்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீங்கள் கேட்கவில்லை.

முதலில் பயம். ஏறிய பேரை உடனே அடித்துவிட்டால்? என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் அன்றைக்கே ஆபீசுக்குப் போய் நின்றிருப்பார். அடுத்த வருஷம் இரண்டாவது பிள்ளை. அதற்கு அடுத்த வருஷம் வேறு ஒரு சாக்கு. பயம் போன பிறகு வெட்கம் வந்தது. இத்தனை நாள் சொல்லாததை இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

மழையில் நனைந்து வரும் அண்ணன் ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே உங்களைப் பேசுவது பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். "ஒன் கைமருந்து ஆசைக்கு என் பொழப்பக் கெடுத்தியேடி." பிறகு அவருடைய இருமல். உங்கள் குரல் மட்டும் கேட்காது. நான் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைப்பேன். இதைச் செய்தவள் நான்தான் அக்கா. எத்தனை சாயங்காலம் என்று எண்ணவில்லை.

ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்று சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். அண்ணன் கட்டில் பக்கத்தில் சுடுதண்ணீர்ப் புட்டியோடு உட்கார்ந்திருந்தார். "மாத்திரய முழுங்கச் சொன்னா கேக்க மாட்டா. என்னிக்கி என் பேச்சக் கேட்டா? அன்னிக்கும் கேக்கல" என்றார். அந்த 'அன்னிக்கும்' எந்த நாள் என்று நம் மூவருக்கும் தெரியும். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "இந்த வருசமாச்சும் ஸ்டார பிளாஸ்டிக் உறையில கட்டு, சாயம் வழியப் போவுது" என்றீர்கள். நான் சரி என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. சேற்றுப் புடவையோடு நேராக உங்கள் வாசலுக்குப் போனேன். அண்ணன் தனியாகக் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். மூட்டை என்னுடையது, அக்காவிடம் துணி என்று பொய் சொல்லிக் கொடுத்தது நான், அவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாக்கியம். பதினோரு வருஷம் தொண்டையில் கிடந்தது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். குனிந்து அடுப்பை அணைத்தார்.

"வேல போனத விடு தங்கச்சி. அது போனா போவுது. அவள நான் பேசுன பேச்சு இருக்கே… நனஞ்சிட்டு வர்றப்பல்லாம் பேசியிருக்கேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் இல்லன்னு அவ வாயத் தொறக்கல. அத்தனையும் இப்ப நான் எங்க போயி திருப்பி வாங்குறது?"

மன்னிச்சிருங்கண்ணே என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். போன கிறிஸ்துமஸுக்கு நான் கேக் வைத்துக் கொடுத்த தட்டு. அந்த வாரமே நீங்கள் படுத்துவிட்டதால் அது திரும்பி வரவில்லை. தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றவரின் மறு கை, உங்கள் வழக்கம் அவருக்கும் பழகிவிட்டதால், சர்க்கரை டின் பக்கம் போனது. மூடியைத் தொட்டது. பிறகு அந்தக் கையை எடுத்துக்கொண்டார்.

"இந்தா, ஒன் தட்டு" என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டு வந்தேன். சேலைத் தலைப்புக்குள் வைத்து மழையில் கொண்டுவந்தேன், அதில் ஏதோ இருப்பது போல. இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. கழுவித் துடைத்த தட்டு, நீங்கள் கடைசியாகக் கழுவியதாக இருக்கலாம்.

நாளைக்கு மறுபடி கடைக்குப் போவேன். இத்தனை வருஷம் போடாத கிராம்பை இந்த வருஷக் கேக்கில் போடுவேன். இதே தட்டில் வைத்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவர் வாங்காவிட்டால் திரும்பக் கொண்டுவருவேன், அடுத்த வருஷமும் போவேன். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று பதினோரு வருஷமாக நினைத்திருந்தேன். என் பாரத்தை இறக்கப் போய், அவர் பேசிய பேச்சையெல்லாம் அவர் தலையிலேயே ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன் அக்கா. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்காக மட்டும் இல்லை, அவருக்காகவும்தான் என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது.