செம்புக் குடம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தங்கை தேவிக்குப் பேயும் பிடிக்கவில்லை, திமிரும் இல்லை. பிறவிக் கோளாறாம். சாப்பாட்டில் இருக்கும் செம்பு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்கியதால்தான் இந்த அழுகையும் சந்தேகமும் என்று செங்கல்பட்டு டாக்டர் இன்று சொன்னார். கல்யாணம் செய்தால் சரியாகும் என்று உளறிய ஊரோடு சேர்ந்து நானும் உளறியிருக்கிறேன்.

"வீட்ல செம்புப் பாத்திரம் புழங்குறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

பொய். கம்பெனியில் ஆயுதபூஜைக்குக் கொடுத்த செம்புக் குடத்துத் தண்ணீரைத்தான், சூடு தணியும் என்று ஒரு வருஷமாக அவளுக்குக் கொடுத்தேன். குடிக்க மறுத்த அன்று, "இன்னாடி நடிச்சிகினு கீற?" என்று அறைந்தேன்.

திருப்போரூர் பஸ்ஸில் தேவி மெதுவாகக் கேட்டாள்: "நம்ம குடம் செம்பு இல்லியாண்ணா?"

நாளை அவளையும் கூட்டிப் போய், அவள் எதிரிலேயே டாக்டரிடம் குடத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேன். அறைந்ததைச் சொல்வேனா, தெரியவில்லை.