நீலாவுக்கு எவ்வளவு வாய்ப்பு?

ராயபுரம்
10.11.2024

என் அன்பு நீலாவுக்கு,

மழையில் நனைந்து இந்தக் கடிதம் நமத்த அப்பளமாக வந்தால் தபால்காரரைத் திட்டாதே. இங்கே எல்லோரும் நலம். எங்கள் தெரு மட்டும் கலீஜ். கைப்பேசியே கூடாது என்கிற உன் நாமக்கல் விடுதிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இல்லையென்றால் எனக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

பெங்களூரு அறிவியல் கல்லூரியில் நமக்கு இடம் கிடைக்குமா என்று அலசிச் சொல்லக் கேட்டிருந்தாய். ஒரு வாரமாக அதே வேலைதான். "இன்னாமே ஜோசியக்காரி, கிளி எங்க?" என்று அப்பா கிண்டல் செய்கிறார்.

நூறு பேர் கேட்டால் நாலைந்து பேரைத்தான் எடுக்கிறார்கள். மதிப்பெண்ணில் நீ எனக்கு மேலே. ஆனால் அங்கே சேர்ந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஒருத்தி வயலின் வாசிக்கிறாள், ஒருத்தன் சதுரங்கத்துக்காக வெளிநாடு போயிருக்கிறான். உன் பள்ளியிலோ பொழுது விடிந்தால் நீட், பொழுது அடைந்தால் நீட். லீவில் அம்மாவோடு காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுக்கப் போனதையா எழுதுவாய்? நேர்காணல் வேறு ஆங்கிலத்தில். உனக்கு நாலு பேர் பார்த்தாலே வார்த்தை நின்றுவிடும்.

உன் அம்மா மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வந்து, நீ விண்ணப்பிக்க உன் பள்ளி முதல்வரிடம் கெஞ்சி அனுமதி வாங்கும் அளவுக்கு வாய்ப்பு இல்லை என்றே படுகிறது. கோபிக்காதே. நான் சும்மா விண்ணப்பம் போட்டுப் பார்க்கிறேன். 'உன் ஊரில் நீ வியந்த ஒன்று' என்று கட்டுரை கேட்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

உன்
கரோலின்

---

நாமக்கல்
17.11.2024

அன்புள்ள கரோலினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வார்டன் பிரித்துப் படித்துவிட்டு, "யாரும்மா இந்த அறிவாளி?" என்று கேட்டார்.

படித்த அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் கோபமில்லை. இன்று ஞாயிறு, விடுதி போனில் அம்மாவிடம் சொன்னேன். "கரோலினு சொன்னா கரீட்டாத்தான் இருக்கும். பொஸ்தகத்தையே துன்னுகினு கீற பொண்ணு அது. வுட்டுத் தள்ளு"ன்னாங்க. விட்டுவிட்டேன்.

கட்டுரைக்குக் காசிமேட்டு மீன் ஏலத்தைப் பற்றி எழுதேன். அங்கே மீனை நிறுக்கமாட்டார்கள், கூடையைப் பார்த்துத்தான் விலை கேட்க வேண்டும். மேலே பெரிய மீனாக அடுக்கி, அடியில் ஐஸைக் கொட்டியிருப்பார்கள். கூடையிலிருந்து தண்ணீர் எப்படிச் சொட்டுகிறது என்று பார்த்தே அடியில் எவ்வளவு ஐஸ் என்று நான் சொல்லிவிடுவேன். உள்ளே இருக்கும் மீனின் மதிப்புக்கு மேல் விலை போனால் அம்மா கையைக் கிள்ளுவேன். அம்மா வாயை மூடிக்கொள்வார். உனக்கு உதவுமென்றால் எடுத்துக்கொள்.

நீயாவது போ.

உன் தோஸ்து
நீலா

---

ராயபுரம்
9.2.2025

என் நீலா,

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. இதை எழுதக் கை கூசுகிறது.

கட்டுரையில் உன்னைத்தான் எழுதினேன், உன் பெயரோடு. ஐஸ், கிள்ளு எல்லாம். நேர்காணலில் என் சான்றிதழ்களை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று பேரும் உன்னைப் பற்றியே கேட்டார்கள். ஒரு பேராசிரியை, "இந்தப் பெண் ஏன் எங்களிடம் விண்ணப்பிக்கவில்லை?" என்றார்.

"அவளுக்கு மருத்துவத்தில்தான் விருப்பம்" என்றேன். யோசிக்காமல் வந்த பொய். அதற்கு மட்டும் எனக்கு ஆங்கிலம் தடுமாறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே பகுதியிலிருந்து இரண்டு பேரை எடுப்பது அரிது என்று நவம்பரிலேயே எங்கோ படித்திருந்தேன். அதை உனக்கு எழுதவில்லை. உன் வாய்ப்பை அலசியபோது அது என் மனதில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது.

நேற்று உன் அம்மா வஞ்சிரத் துண்டோடு வந்தார். "எங்க நீலாவுக்குத்தான் கொடுப்பின இல்ல. நீயாச்சும் நல்லா படிச்சிக்கினு வா கண்ணு" என்று என் கன்னத்தைத் தடவினார். அந்த மீனை என்னால் தொட முடியவில்லை. என் அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இடம் வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா? நீ சொல்.

கரோலின்

---

நாமக்கல்
20.2.2025

கரோலினுக்கு,

வேண்டாம் என்று எழுதாதே. நீ விட்டால் அது எனக்கு வராது. யாரோ ஒருவருக்குப் போகும். எங்கள் அம்மாவிடமும் எதுவும் சொல்லாதே. அவர் மீன் விற்கும் தண்டையார்பேட்டை மார்க்கெட் முழுக்க உன் பெருமையைச் சொல்லி முடித்திருப்பார்.

நாலு பேர் பார்த்தால் எனக்கு வார்த்தை நின்றுவிடும் என்று எழுதினாயே, அது நிஜம்தான். அந்தப் பேராசிரியை முன்னாலும் வார்த்தை நின்றிருக்கும். ஆனால் நான் அங்கே போய் நின்றிருப்பேன்.

இனி பரீட்சை முடியும்வரை கடிதம் போடாதே. வார்டன் திட்டுகிறார் என்று வைத்துக்கொள். மே மாதம் ராயபுரத்துக்கு வரமாட்டேன், எண்ணூரில் அத்தை வீட்டில் தங்கப் போகிறேன்.

படிக்க உட்கார்ந்தால் ஒன்றே ஒன்று மனதில் வந்து நிற்கிறது. போட்டிருந்தால் எனக்குக் கிடைத்திருக்குமா?

இதை மட்டும் நீ அலசிச் சொல்லாதே.

நீலா