ஏழு சோத்துக்குப் பதிலா ஏழு சுண்டல்

திருமயம் ரூட்டே இன்னும் மறக்காத பஸ் டிரைவர், என் பாசத்துக்குரிய மச்சானுக்கு,

மேல அங்கிட்டு எப்படி இருக்கீங்க? இங்கிட்டு உங்க மக செல்விக்குப் போன வாரம் வளைகாப்பு. நீங்க இல்லாத எடத்துல தாய்மாமன் நான் நின்னு செஞ்ச சீரைப் பத்தித்தான் ஜெகதாப்பட்டினம் வரைக்கும் பேச்சு.

ஆனா அதுக்கு முன்னாடி எங்களுக்கெல்லாம் உசிரே இல்லை. ஏழாம் மாசம் ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்த்ததுல செல்விக்குச் சர்க்கரை. இப்படியே ஏறினா வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, சாப்பாட்டுல கவனமா இருங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. "அப்பாவுக்கு வந்தது என் பிள்ளை வரைக்கும் வருமா மாமா?"ன்னு கேட்டா.

வளைகாப்புன்னா பொறந்த வீட்டுலேர்ந்து ஏழு வகைச் சோறு போகணுமே. புளிச்சோறு, தேங்காச்சோறு, சக்கரைப் பொங்கல்னு ஊரே அசர்ற மாதிரி செய்ய அண்டாவுக்கெல்லாம் சொல்லி வச்சிருந்தேன். அப்பத்தான் நீங்க ஞாபகம் வந்தீங்க.

உங்களுக்குச் சர்க்கரை வந்தப்ப ஆஸ்பத்திரியில கிளைசெமிக் இண்டெக்ஸ்னு சொன்னதை எட்டாப்பு தாண்டாத எனக்கு நீங்க ஒரே நிமிசத்துல புரிய வச்சீங்க. "மாப்ளே, வெள்ளைச் சோறு பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்சுடா. நேரா ரத்தத்துல போய் நிக்கும். சுண்டல், பயறெல்லாம் டவுன் பஸ். நின்னு நின்னு மெதுவாத்தான் போய்ச் சேரும். அதை முன்னாடி விட்டா, பின்னாடி வர்ற சோறும் மெதுவாத்தான் போகும்." கேப்பை நல்லதாச்சேன்னு நான் ஒரு சொம்பு கூழைக் குடிச்சுப்புட்டு வந்தப்ப, "மாவாக்கிக் கரைச்சா அதுவும் வேகமாத்தாண்டா ஓடும்"னு சிரிச்சீங்க. நூறு டாக்டர் கூடிப் பேசினாலும் அந்தத் தெளிவு வருமா மச்சான்?

அதனால ஏழு தட்டுலயும் சுண்டல். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சைன்னு ஏழு நிறம். தட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க, "ஏம்ப்பா, இது தாய்மாமன் சீரா, கோயில் பிரசாதமா? அரிசி வாங்க வக்கில்லையா?"ன்னு கேட்டாங்க.

"சோறும் வருதுங்க, பின்னாடி வண்டியில. டவுன் பஸ் முன்னாடி போகட்டும்"னேன். செல்வி சிரிச்சா. ரெண்டு மாசமா அந்தச் சிரிப்பைப் பார்க்கலை. சுண்டலும் அவிச்ச முட்டையும் தின்னுட்டு, கடைசியா ஒரு கைச் சோறு சாப்பிட்டா.

அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "இது அவரு பேச்சாச்சேடா"ன்னுச்சு. "போக்கா, நானா யோசிச்சது"ன்னுட்டேன். அம்புட்டுப் பேர் முன்னாடி விட்டுக்கொடுக்க முடியுமா?

அன்னையிலேர்ந்து தினமும் அதே வரிசையிலதான் சாப்பிடுறா. நேத்துப் பரிசோதனையில சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. பிள்ளையும் அளவா வளருது. டாக்டரம்மா எந்திரிச்சு நின்னு எனக்குக் கை கொடுத்தாங்க. சரி, உக்காந்துக்கிட்டேதான். யாரோட யோசனைன்னு கேட்டாங்க. அங்கயும் என் பேரைத்தான் சொல்லிட்டு வந்தேன். ராத்திரி சோறு இறங்கலை மச்சான்.

உங்க பேரப்பிள்ளை பொறந்ததும் தாய்மாமன் தாத்தாவா அதைக் கையில வாங்குவேன். மொத வார்த்தையா அது காதுல உங்க பேரைச் சொல்லி, உன்னைப் பத்திரமாக் கொண்டாந்து இறக்குன டிரைவர் இவருதான்னு சொல்லுவேன். எல்லாருக்கும் கேக்குற மாதிரி.

இப்படிக்கு,
உங்க வண்டியில இன்னமும் பின் சீட்டுல வர்ற மச்சினன்