தாங்கிக் காணியில் வைத்த கல்

அம்பிட்டிய,
14.06.1996

அன்பு மகன் சேதுராமன்,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டுப் பொய் எழுதாதீர்கள் என்றாள். ஆகவே இருவரும் இருக்கிறோம் என்று வைத்துக்கொள். நீ அந்த ஊர் வெயிலில் தொப்பியில்லாமல் நிற்பதாகப் பக்கத்து வீட்டுக் கறுப்பையாவின் மகன் எழுதியிருந்தானாம். தலைக்கு ஏதாவது போட்டுக்கொள்.

பார்க் என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். போன மழையில் மண்மேடு சரிந்து, பார்க் இருந்த தண்ணீர்த் தாங்கிக் காணி மூடிப்போனதை எழுதினேன் அல்லவா? ஊஞ்சல், உட்காரும் வாங்கு எல்லாம் மண்ணுக்குள். காணி அரசாங்கத் தண்ணீர்க் கந்தோருடையது. அவர்கள் தாங்கியை மட்டும் துப்புரவாக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நம் பக்கத்தில் சமதரை என்று இருப்பது அது ஒன்றுதான். பாரிசவாதம் வந்த அம்மாவின் காலுக்குச் சமதரையில் தினமும் நடை வேண்டும், விட்டால் இறுகிப்போகும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு அந்தக் காணியைத் தவிர வேறு நினைப்பில்லை.

கந்தோருக்கு அலையாய் அலைந்தேன். புதிதாக வந்த இஞ்சினியர் அம்மா சிங்களவர், தங்கமான பிள்ளை. கட்டடம் எதுவும் எழுப்பாமல் மண்ணை அள்ளித் துப்புரவாக்கிக்கொள்ளுங்கள் என்று வாயால் அனுமதி தந்தார். தெருவே மண்வெட்டியோடு சிரமதானத்துக்கு இறங்கியது. சந்திக் கடை மஹ்மூத் லொறியும் ஆட்களும் தந்தார். வேலை முடிந்த அன்று உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு காணியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கெட்டது வேறிடத்தில். மண்ணில் கை வைக்குமுன் பூசை போடாமல் நம் ஆட்களால் இருக்க முடியுமா? கறுப்பையா ஒரு சின்னக் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்திருந்தார். வேலை முடிந்ததும் அதை எடுத்திருக்க வேண்டும். பூசை கண்ட கல்லை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை யாரோ விளக்கு வைத்தார்கள். அடுத்த வெள்ளி பூமாலை. பிறகு மழை படாமல் மேலே ஒரு தகரம். தாங்கிக் காணியில் கோயில் எழும்புகிறது என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். நாடு இருக்கிற நிலைமையில் அதற்குமேல் என்ன வேண்டும்?

இஞ்சினியர் அம்மா தானே வந்தார். கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். இன்றைக்கே எடுத்துவிடுங்கள், நான் சமாளித்துப் பார்க்கிறேன் என்றார். நான் குனியப் போனேன். தெய்வக் குற்றம் என்று கறுப்பையா கையைப் பிடித்துக்கொண்டார். மஹ்மூத் என்னைத் தனியே அழைத்து, "நான் தொட்டா அது வேற கதையாப் போகும் அண்ணே, குறை நினைக்காதீங்க" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

மறுநாள் காலை உன் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டுபோய், நல்ல கையால் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "குத்தம் வந்தா எனக்கே வரட்டும். இனி எனக்கு என்ன வரக் கிடக்கு?" என்றாள். அதற்குள் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. ஊஞ்சலையும் வாங்கையும் கழற்றி ஏற்றிக்கொண்டு, கம்பி வேலி அடித்து, கேற்றுக்குப் பூட்டும் போட்டார்கள். இஞ்சினியர் அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றமாம். கறுப்பையா எங்களோடு பேசுவதில்லை.

மனு கொடுத்தாயிற்று, பார்க்க வேண்டியவர்களைப் பார்த்தாயிற்று. திறப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. அம்மா கட்டிலை விட்டு எழும்புவதில்லை. கால் இறுகத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள்ளாவது நட என்றால், அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் என்ன நடை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உன் பெயரைச் சொன்னால் மட்டும் திரும்புகிறாள்.

காசு அனுப்பாதே, அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஒப்பந்தம் முடியவில்லை என்பது தெரியும். கையில் காலில் விழுந்தாவது லீவு எடுத்துக்கொண்டு வா. நம் வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிகளை நீ மறந்திருக்க மாட்டாய். அவளை நான்கு பேர் அதில் இறக்கப்போகும் நாள் ஒன்று இருக்கிறது மகனே. அதற்கு முன் நீயும் நானுமாக ஒரு தரம் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கிவிடுவோம். அவள் ரோட்டைப் பார்க்கட்டும்.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும்.

வழி பார்த்திருக்கும் அப்பா,
சுந்தரலிங்கம்