வெள்ளையடித்த கோடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் உயிரோடு நலம். உன் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்கட்டும். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம்.

போன மாதம் அனுப்பிய படத்தில் வாசல் சுவர் பளிச்சென்று இருந்ததே, நீ வருகிறாய் என்று வெள்ளையடித்ததாகச் சொன்னேன். அது பாதி உண்மை. புயல் வந்தால் கடல் எதுவரை ஏறும் என்று அரசாங்க ஆட்கள் அளந்து, நம் தெருவில் பதினொரு வீடுகளில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நம் வீட்டில் என் நெஞ்சு உயரம். அதைப் பார்த்தால் பிரசவத்துக்கு இங்கே வர மாட்டாய் என்று பயந்து அழித்துவிட்டேன்.

எனக்குத் தெரியாத கடலா? முப்பது வருடமாகத் தெருத் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் வாய்க்கால் பம்பு ஓட்டுகிறவன். முன்பெல்லாம் மழைக்குத்தான் பம்பு. இப்போது சொட்டு மழை இல்லாமலே பௌர்ணமிக்குப் பௌர்ணமி உப்புத் தண்ணீர் தெருவுக்கு வருகிறது. தெரிந்தும் செய்தேன் பார், அதுதான் வயிற்றெரிச்சல்.

செவ்வாய்க்கிழமை புயல். நான் பம்பு அறையில் இருந்தேன். மதியம் ஆட்களை ஏற்ற வந்த வண்டி, கோடு போட்ட பத்து வீடுகளில் நின்றது. நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. கோட்டைப் பார்த்துத்தான் வண்டி நிற்கும் என்று நோட்டீசில் இருந்ததாம், எந்த மடையன் படித்தான்? அம்மா நாலு மணி நேரம் சாப்பாட்டு மேசைமேல் நின்றிருக்கிறாள். நான் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தபோது தண்ணீர் அவள் முழங்காலில். "சுவருக்கு வெள்ளையடிச்சீங்க, சரி. கடலுக்கு யாரு அடிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகவே நீ இங்கே வர வேண்டாம். உன் அறையைக் கழுவி, கட்டிலுக்குப் புதுக் கால் போட்டிருக்கிறேன், இருந்தாலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ரயில் ஏற்றுகிறேன். என்னைக் கூப்பிடாதே. பம்பை விட்டுவிட்டு வந்தால் தெருவில் இருக்கிறவர்கள் கதி என்ன? என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனதும் அம்மா, "அவர் அங்க தனியா கெடக்கிறார்" என்று பெட்டியைக் கட்டுவாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? பிள்ளையை அவள் மடியில் போட்டு வை. நீ சுகமாகப் பெற்றெடுத்து நூறு வயது இரு. அம்மாவை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே, தாயே.

உன் அப்பா