மூன்றாம் முடக்கில் தண்ணீர் வந்தது, அப்பா

மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை என்னைக் கொண்டுவந்து விட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி நான்கு வருடமாகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். தம்பி கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. பாதைகளுக்குத் திட்டம் எழுதும் அலுவலகம். நான் இன்னும் அதிகம் பேசுவதில்லை, மூலை மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்கரப்பத்தனையிலிருந்து நம் தேயிலைத் தோட்டத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதை மூன்றாம் முடக்கில் உடைந்துபோனது.

அந்தப் பாதைக்கு அளக்க வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் அப்போது ஓ.எல். படித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் தேயிலைக்குள் தண்ணீர் வடியக் கான் வெட்டிய ஆள், மழைத்தண்ணீர் மலையில் எந்த வழியாக இறங்கும் என்று அறிந்தவர் என்று எல்லோரும் உங்களைத்தான் கைகாட்டினார்கள். மூன்றாம் முடக்குப் பள்ளத்தில் தண்ணீர் வராது என்றீர்கள். அங்கே அடியில் தண்ணீர் போக மதகு வைக்காமலே பாதையைப் போட்டார்கள். "இன்னைக்கு எஞ்சினியர் தொரை என்னயக் கேட்டுத்தான் கோடு போட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். உங்கள் கையிலிருந்த தட்டிலேயே சோறு ஆறிப்போனது.

நீங்கள் போன அடுத்த வருடம் ஒரு மத்தியானம், நாள்கணக்கில் தூறித் தீர்க்க வேண்டிய மழை இரண்டு மணி நேரத்தில் கொட்டி முடித்தது. ஒருநாளும் வராத பள்ளத்தில் வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. பாதையையே தள்ளிக்கொண்டு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பஸ் கீழேயே நின்றுவிட்டது.

அம்மாவுக்குப் பிரஷர். மாதம் ஒரு தடவை கிளினிக் போக வேண்டும். உடைந்த இடத்தின் ஓரமாக நடந்து போகலாம். அம்மாவோ முழங்கால் வலியோடு தேயிலைக்குள் ஏறி இறங்கிச் சுற்றிப் போனார். ஒருநாள் நான் பிடிவாதமாக முடக்கு வழியே கூட்டிப்போனபோதுதான் காரணம் தெரிந்தது. எதிர் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் மூக்காயி அத்தை எங்களைப் பார்த்ததும் நின்றார்.

"இந்தா புள்ள, ஒங்கப்பாரு இங்க தண்ணி வராதுன்னாரு. இப்ப தண்ணிதான் வருது, பஸ்ஸுதான் வரல!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனாலும் அம்மா முழங்கால் வலியையும் பாராமல் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பிறகு அந்தப் பாதையைத் திரும்பக் கட்டும் கோப்பு என் மேசைக்கே வந்தது. உள்ளே பழைய குறிப்பு ஒன்று இருந்தது: 'இவ்விடத்தில் நீரோட்டம் இல்லை என்று தோட்டத் தொழிலாளி ஒருவர் கூறினார்.' பெயர் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அது யாரென்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

எங்கள் பெரிய எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர். கூட்டத்தில் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஆரோ ஒரு தோட்டத்து ஆளின்ரை கதையைக் கேட்டு மதகில்லாமல் விட்டிருக்கினம். பிழை அதுதான். பழைய மழைக் கணக்குக்கு ஒரு சின்னக் குழாய் காணும்."

சின்னக் குழாய் போதும் என்று வைத்தால் பாதை மறுபடியும் போய்விடும். எனக்கு அது தெரியும். எழுந்து நின்றேன்.

"சேர், அந்த ஆள் எங்க அப்பா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது.

"அவரு சொன்னது பிழை இல்ல சேர். அவரு பார்த்த காலத்துல அங்க தண்ணி வரல. இப்ப வருதுன்னா மழைதான் மாறியிருக்கு. நம்ம பழைய கணக்கும் எங்க அப்பா மாதிரித்தான் சேர். அதுவும் பழைய மழையத்தான் பார்த்திருக்கு."

தோட்டத்து ஆபீசில் தினமும் காலையில் மழையை அளந்து எழுதுவார்களே, அந்தப் புத்தகங்களைக் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கியிருந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்திருந்தேன். வருடத்து மழை பெரிதாக மாறவில்லை. அது விழுகிற நாட்கள்தான் குறைந்திருந்தன, விழும்போது மொத்தமாகக் கொட்டியிருந்தது. புத்தகங்களை எஞ்சினியர் முன்னால் வைத்தேன். அவர் வெகுநேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"உமக்குக் கதைக்கவே தெரியாதெண்டெல்லோ பிள்ளை இவ்வளவு நாளும் நினைச்சனான்," என்றார். "அப்பாவைப் பற்றி அப்பிடிச் சொன்னதுக்குக் குறை நினைக்காதையும். வாரும், இடத்தைப் பாப்பம்."

இப்போது மூன்றாம் முடக்கில் அகலமான மதகு இருக்கிறது. மேல் சரிவில் வேர் பிடிக்கும் புல் நட்டிருக்கிறார்கள். மழை ஓர் அளவைத் தாண்டினால் தோட்டத்து ஆபீசிலிருந்து தகவல் போகும், பஸ் கீழேயே காத்திருக்கும். மூக்காயி அத்தை குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "இது என்னா புள்ள, மதகா லயமா? ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போல!" என்றார்.

இந்த ஐப்பசியில் அதே மாதிரி ஒரு மழை கொட்டியது. மதகு நிறையத் தண்ணீர் போனது. மறுநாள் காலை அதன் மேலே பஸ் போனது, அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

புதிய அறிக்கையில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். சுப்பையா, கான் வெட்டும் தொழிலாளி, அவர் சொன்னது அன்றைக்கு உண்மை என்று.

அப்பா, இனி எந்தப் பாதைக்குத் திட்டம் எழுதினாலும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் முதலில் கேட்பேன். கேட்டுவிட்டு, அவர்கள் இன்னும் பார்க்காத தண்ணீருக்கும் இடம் விடுவேன். நான் கேட்டு வாங்கிய மதகும் ஒருநாள் பத்தாமல் போகலாம். சில வருடத்துக்கு ஒருமுறை மழைப் புத்தகத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டேன். அன்றைக்கு என் பெயரைப் படித்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். சிரித்துவிட்டு இதைவிடப் பெரிதாகக் கட்டட்டும்.

உங்கள் மூத்த மகள்,
தேவிகா